அலுவலகத் தபால் பிரிவைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ உள்ள நடுத்தர நிறுவனங்களில் தபாலுக்கென்று தனி அறை இருப்பது குறைவு. கேட்டை ஒட்டிய செக்யூரிட்டி கேபினில் ஒரு மேசை, ஒரு இன்வர்டு ரெஜிஸ்டர், ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். கூரியர்காரர் வந்து நீட்டுவார், செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார், மதியத்துக்கு மேல் அட்டெண்டர் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பானதாக மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், எதிலிருந்து தொடங்குவது, எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம் என்பதைச் சொல்கிறேன். பெரிய கருவி எதுவும் இல்லாமலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

யாரைப் பாதுகாக்கிறோம்?

தபாலில் வரும் ஆபத்து முதலாளியையோ மேலாளரையோ குறிவைத்து வரலாம். ஆனால் அதை முதலில் தொடுகிறவர் அவர் இல்லை. 2001 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித்தூள் வைத்த கடிதங்கள் சில ஊடக நிறுவனங்களுக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் அனுப்பப்பட்டன. 5 பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். அக்டோபர் 15-ஆம் தேதி செனட்டர் ஒருவரின் அலுவலகத்தில் அப்படி ஒரு கடிதம் பிரிக்கப்பட்டதும், அங்கிருந்தவர்களுக்கு உடனே பரிசோதனை, மாத்திரை எல்லாம் கிடைத்தன. அதே கடிதம் வந்த வழியில் இருந்த வாஷிங்டன் பிரென்ட்வுட் தபால் வகைப்படுத்தும் நிலையமோ 21-ஆம் தேதி வரை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்த தாமஸ் மோரிஸ், ஜோசப் கர்சீன் என்ற இரண்டு ஊழியர்களும் 21, 22 தேதிகளில் இறந்துபோனார்கள். கடிதம் நன்றாக ஒட்டப்பட்டுத்தான் இருந்தது. தபாலை வகைப்படுத்தும் இயந்திரம் அழுத்தியபோது காகிதத்தின் நுண்துளை வழியாகத் தூள் வெளியே வந்துவிட்டது.

இது எங்கோ நடந்தது என்று விட முடியாது. 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் பட்நாகரில் புதுமணத் தம்பதிக்குக் கல்யாணப் பரிசு என்று கூரியரில் ஒரு பார்சல் வந்தது. ராய்ப்பூரில் பொய்ப் பெயரில் பதிவு செய்த பார்சல் அது. பிரித்ததும் வெடித்து, மாப்பிள்ளையும் வீட்டுப் பாட்டியும் இறந்தார்கள், மணப்பெண் பலத்த காயமடைந்தார். அனுப்பியவர் மாப்பிள்ளையின் தாயாரோடு ஒரே கல்லூரியில் வேலை பார்த்தவர். முதல்வர் பதவி கைமாறியதில் வந்த பகைதான் காரணம். 2025-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பணியிடப் பகை தபாலில் வரக்கூடும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நம் நாட்டில் இல்லை.

ஆகவே நீங்கள் அமைக்கும் ஏற்பாடு அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரைப் பாதுகாப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்குப் பயிற்சி மட்டும் போதாது. ‘இதை நான் உள்ளே விடமாட்டேன்’ என்று சொல்லும் அதிகாரமும் வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு வாரம் கவரின் பின்னால் நடங்கள்

எதையும் மாற்றும் முன், வருகிற தபால் எந்த வழியில் போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். எத்தனை கூரியர் நிறுவனங்கள் வருகின்றன, எந்த நேரத்துக்கு? தபால்காரர் கேட்டில் கொடுக்கிறாரா, ரிசப்ஷனிலா? ஊழியர்கள் ஆன்லைனில் வாங்கும் பொருட்கள் எங்கே இறங்குகின்றன? வெளியூர்க் கிளையிலிருந்து பேருந்தில் பார்சல் அனுப்பும் பழக்கம் உண்டா? அதை யார் போய் எடுத்து வருகிறார்?

கவனிக்க வேண்டிய முக்கியமான நேரம் மதியம் 1 மணியிலிருந்து 2 மணி வரை. மேசையில் ஆள் இருக்கமாட்டார், கூரியர்காரரால் காத்திருக்க முடியாது. நாற்காலியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்துவிட்டுப் போய்விடுவார். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று தெரியாத பார்சல் இப்படித்தான் உருவாகிறது. சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று ஆள் போடுங்கள். முடியாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் தபால் வாங்குவதில்லை என்று கேட்டில் எழுதி வைத்து, கூரியர் கிளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

அப்படியே உங்கள் நிறுவனத்தின் மீது யாருக்குக் கோபம் இருக்கலாம் என்று எச்ஆரோடு உட்கார்ந்து மனம் திறந்து பேசுங்கள். அண்மையில் வேலையை விட்டு நீக்கப்பட்டவர், ஒப்பந்தம் இழந்தவர், நிலத் தகராறு, மாசு குறித்த புகார், வழக்கு எதுவாகவும் இருக்கலாம். யாரையும் குற்றவாளியாகப் பார்ப்பதற்காக இல்லை. எந்தக் காலகட்டத்தில் கூடுதல் கவனம் தேவை என்று தெரிந்துகொள்வதற்காகத்தான்.

பொறுப்பும் அதிகாரமும் எழுத்தில்

தபால் பிரிவுக்கு ஒருவரைப் பொறுப்பாளராகவும் இன்னொருவரை அவருக்கு மாற்றாகவும் நியமித்து, நிர்வாக இயக்குநர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை விடுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும். சந்தேகமான பொதியை நிறுத்தி வைக்கத் தபால் ஊழியருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நிறுத்தி வைத்ததற்காக, அது வெறும் இனிப்புப் பெட்டியாகவே இருந்தாலும், யாரும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. ‘என் பார்சலைக் கொடு, அவசரம்’ என்று எந்தப் பெரிய அதிகாரியும் வரிசையைத் தாண்டி வாங்கிப் போகக் கூடாது.

மூன்றாவதை அமலாக்குவதுதான் கடினம். ஒப்பந்த செக்யூரிட்டி ஒருவரால் பொது மேலாளரைத் தடுக்க முடியாது. அதனால்தான் அது மேலிடத்தின் கையெழுத்தோடு வர வேண்டும் என்கிறேன்.

இடம்

கேட் அருகே, பிரதான கட்டடத்திலிருந்து விலகி, வெளியிலிருந்தே நுழையும்படி ஒரு சிறிய அறை இருந்தால் நல்லது. கண்ணாடித் தடுப்பு வேண்டாம். மத்திய ஏசியின் குழாய் அந்த அறைக்குள் வரக் கூடாது. தூள் பரவினால் அதே காற்று மற்ற அறைகளுக்கும் போய்விடும். நம் வெயிலுக்கு ஏசி இல்லாமல் முடியாது என்றால் தனி ஸ்பிளிட் ஏசி வையுங்கள். அதற்கும் மின்விசிறிக்கும் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். இது ஒரு எலக்ட்ரீஷியனின் அரை நாள் வேலைதான், ஆனால் அவசரத்தில் மிகவும் உதவும்.

மேசையைப் பார்த்தபடி ஒரு கேமரா, பூட்டும் அலமாரி ஒன்று, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, கையுறை, ஜிப் வைத்த தெளிவான பிளாஸ்டிக் கவர்கள், பக்கத்திலேயே சோப்பும் தண்ணீர்க் குழாயும் வேண்டும். அலமாரி தரையிலிருந்து உயரமாக இருக்கட்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரியில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வாசலோரத் தபால் அறைதான் முதலில் நனையும்.

எக்ஸ்ரே கருவி வாங்கலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். தினம் நூற்றுக்கணக்கில் பார்சல் வராத இடத்துக்கு அது தேவையில்லை. அதன் படத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் கருவி மட்டும் இருந்தால் பொய்யான தைரியம்தான் வரும். கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் பார்சல் விஷயத்தில் அநேகமாகப் பயனற்றது. சார்ஜர், பேனா, ஸ்டேப்ளர் முள் எல்லாவற்றுக்கும் கத்தும். தூளைக் கண்டுபிடிக்கவே செய்யாது.

ரெஜிஸ்டர்

பாதுகாப்பு என்றதும் வெடிகுண்டு நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் நிறுவனங்களுக்கு நட்டம் வருவது காணாமல் போகும் கவரால்தான். காசோலைப் புத்தகம், ஏடிஎம் கார்டு, வக்கீல் நோட்டீஸ், பிஎஃப், இஎஸ்ஐ அலுவலகக் கடிதம் எல்லாம் இந்த மேசை வழியாகத்தான் வருகின்றன. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி, காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டிவிட வேண்டும். செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டு வாங்கிய அன்றே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கவர் மேசை இழுப்பறையில் பத்து நாள் கிடந்தது என்ற விளக்கத்தை நம்பி யாரும் இருக்க முடியாது.

அதனால் ரெஜிஸ்டரில் இவை கட்டாயம் இருக்கட்டும்: வந்த தேதியும் நேரமும், கொண்டுவந்த கூரியர், கண்காணிப்பு எண், அனுப்புநர், பெறுநர், கவரின் நிலை, உள்ளே யார் கையில் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, அவர் கையொப்பம். ‘நிலை’ என்ற பத்தியை நம்மூர் ரெஜிஸ்டர்களில் பார்க்கவே முடியவில்லை. கிழிந்ததா, நனைந்ததா, மீண்டும் ஒட்டியதா என்பதை வாங்கும் முன்பே எழுத வேண்டும். முடிந்தால் கூரியர்காரர் முன்னாலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பழைய ரெஜிஸ்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருந்தால் ஒன்றாக்கிவிடுங்கள். தினமும் மாலை அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து அலுவலகக் கணினியில் சேமிப்பது நல்ல பழக்கம்.

தபால் துறையின் கண்காணிப்பு எண்ணில் 13 இடங்கள் உண்டு. முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் எந்த அலுவலகத்தில் பதிவானது என்று தெரிந்துவிடும். அனுப்புநர் முகவரி சென்னை என்றிருக்க, பதிவானது வேறு மாநிலம் என்றால் பெறுநரை அழைத்துக் கேளுங்கள். பட்நாகர்ப் பார்சலை நினைத்துப் பாருங்கள். ராய்ப்பூரிலிருந்து யார் நமக்குப் பரிசு அனுப்பினார் என்று கேட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சந்தேகம் எப்போது வர வேண்டும்?

பொதுவாகச் சொல்லப்படும் அடையாளங்கள் எல்லா ஊருக்கும் ஒன்றே. அனுப்புநர் முகவரி இல்லாமை, தேவைக்கு மேல் ஸ்டாம்பு, பெயர் இல்லாமல் பதவி மட்டும் அல்லது தப்பான பெயர், ‘அவர் மட்டுமே பிரிக்கவும்’ என்ற குறிப்பு, அளவுக்கு மீறிய டேப், ஒரு பக்கம் மட்டும் கனம், வெளியே தெரியும் வயர் அல்லது ஜரிகைத்தாள், எண்ணெய்க் கறை, தூள், வினோதமான வாசனை, சத்தம். இதை அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் இந்தப் பட்டியல் தினமும் பொய்யாக மணி அடிக்கும்.

பண்ருட்டி முந்திரி, நெய் இனிப்பு, ஊறுகாய் என்று தீபாவளிக்கு வரும் பார்சலில் பாதி எண்ணெய்க் கறையோடுதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் அட்டைப்பெட்டி நனைந்து, ஓரம் பிய்ந்து, கூரியர் கிளையிலேயே மறுபடி டேப் சுற்றப்பட்டு வரும். கிராமத்திலிருந்து வரும் கவரில் பெயர் தப்பாக இருப்பதும் சாதாரணம். சிப்காட் ரசாயன, மருந்து நிறுவனங்களுக்கு மாதிரிப் பொட்டலமாகத் தூளே வரும்! ஒவ்வொன்றுக்கும் கட்டடத்தைக் காலி செய்தால் இரண்டாவது மாதம் யாரும் உங்களை மதிக்கமாட்டார்கள். எதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் உண்மையானதும் உள்ளே போய்விடும்.

நான் சொல்லும் வழி இது. ஓர் அடையாளம் மட்டும் இருந்தால் நிறுத்தி வையுங்கள், பெறுநரை அழைத்துக் கேளுங்கள்: எதிர்பார்க்கிறீர்களா, யார் அனுப்பியது, உள்ளே என்ன? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் கொடுத்துவிடலாம். பதில் வராவிட்டால், அல்லது இரண்டு அடையாளங்கள் சேர்ந்தால், பொறுப்பாளர் வந்து பார்க்கட்டும். வயர், சத்தம், சூடு, காரணம் தெரியாத தூள், மிரட்டல் வாசகம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கேள்வியே வேண்டாம், உடனே அவசர நடவடிக்கைக்குப் போங்கள்.

மாதிரிப் பொட்டலங்களுக்குத் தனி விதி போடுங்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் வர வேண்டும், பெட்டியின் வெளியே பொருளின் பெயரும் பாதுகாப்புத் தகவல் தாளும் ஒட்டியிருக்க வேண்டும், ஆய்வகத்து ஆள் கேட்டுக்கு வந்து நேரடியாக வாங்கிப் போக வேண்டும். இது இருந்தால், தபால் மேசையில் தென்படும் எந்தத் தூளும் சந்தேகத்துக்குரியதுதான் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

அவசரம் வந்தால்

வெடிபொருள் என்று சந்தேகம் வந்தால், அந்தப் பொதி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தூக்க வேண்டாம், அசைக்க வேண்டாம். தண்ணீர் வாளியில் போடுவதும், தீயணைப்பு மணல் வாளியைக் கொண்டுவந்து மேலே கொட்டுவதும் நம் ஆட்களுக்கு உடனே தோன்றும் யோசனைகள். இரண்டும் தவறு. பைக்கில் வைத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது அதைவிடத் தவறு. அறையில் உள்ளவர்கள் வெளியேறிக் கதவைச் சாத்தி, நல்ல தூரம் போன பிறகே செல்பேசியில் அழைக்க வேண்டும். கண்ணாடி ஜன்னல், நிறுத்தி வைத்த வண்டிகள் இவற்றின் பக்கம் நிற்கக் கூடாது.

இங்கே ஒரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. தொழிற்சாலைகளில் தீ விபத்துக்கு ஒன்றுகூடும் இடம் பெரும்பாலும் மெயின் கேட் பக்கம்தான் இருக்கும். தபால் மேசையும் அங்கேதான். மணி அடித்ததும் பழக்கத்தில் எல்லோரும் ஆபத்தை நோக்கியே ஓடுவார்கள். தபால் அவசரத்துக்கென்று பின்பக்கம் வேறோர் ஒன்றுகூடுமிடத்தையும் அதற்கு ஒரு வெளிவாசலையும் முடிவுசெய்து, ஒலிபெருக்கி அறிவிப்பில் அதன் பெயரையே சொல்லுங்கள்.

தூள் கொட்டினால் நடவடிக்கை வேறு. கவரை மெதுவாகக் கீழே வைத்து, பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து மூடிவிடலாம். முகர்ந்து பார்க்கவோ, ஊதவோ, துடைப்பத்தால் கூட்டவோ கூடாது. ஏசி, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி வெளியே வந்து, சோப்புத் தண்ணீரில் கையை நன்றாகக் கழுவ வேண்டும். ஆடையில் பட்டிருந்தால் அதைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். உடம்பில் பிளீச்சிங் பவுடர் தேய்க்க வேண்டாம். அறையில் இருந்த ஒவ்வொருவரின் பெயரையும், கவரைக் கொண்டுவந்த கூரியர்காரரின் பெயரையும் சேர்த்து, எழுதி வையுங்கள். மருத்துவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் முதலில் தேவைப்படும். பிரென்ட்வுட்டில் விடுபட்டுப்போனவர்கள் தபாலைக் கையாண்டவர்கள்தான்.

மிரட்டல் கடிதம் என்றால், படித்தவர் அதோடு நிறுத்திவிட்டு, கடிதத்தையும் கவரையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டும். கைமாற்றிக் காட்டுவது, வாட்ஸாப் குழுவில் படம் போடுவது இரண்டும் கூடாது. கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில்தான் அஞ்சல் முத்திரை இருக்கிறது. ஒடிசா வழக்கில் போலீஸைத் திசைதிருப்ப அனுப்பப்பட்ட ஒரு மொட்டைக் கடிதம்தான் கடைசியில் அனுப்பியவரைக் காட்டிக்கொடுத்தது.

ஊதிப்போன பவர் பேங்க், சூடான பேட்டரி பார்சல் எல்லாம் இப்போது அடிக்கடி நடக்கக்கூடியவை. கை வைத்தால் சுட்டாலோ, புகையோ ‘உஸ்’ என்ற சத்தமோ வந்தாலோ, அதைத் தொடாமல் ஆட்களை வெளியேற்றி 101-ஐ அழையுங்கள்.

யாரை அழைப்பது?

112 இரண்டு பக்கமும் உண்டு, ஆம்புலன்ஸுக்கு 108. ஆனால் நம் எல்லை நேர்கோடு இல்லை. முள்ளோடை, கன்னியக்கோயில், பாகூர்ப் பக்கம் நிறுவனம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சாலையின் ஒரு வளைவில் புதுச்சேரி, அடுத்ததில் கடலூர் மாவட்டம். செல்பேசி அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் அழைப்பும் அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும். ஆகவே உங்கள் எல்லைக்குரிய காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் இரண்டின் நேரடி எண்ணையும் பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டுங்கள். பேசும்போது மாநிலம், கொம்யூன் அல்லது வட்டம், அடையாளச் சாலை என்று சொல்லத் தெரிய வேண்டும். நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வெடிகுண்டுப் பிரிவு எங்கிருந்து வரும், எந்த வாசல் வழியாக விட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

சில சின்ன விதிகள்

ஊழியர்களின் சொந்தப் பார்சலை ஏற்பதா வேண்டாமா என்று ஏதாவது ஒன்றை முடிவுசெய்து அறிவித்துவிடுங்கள். ஏற்பதென்றால் பெறுநர் வந்து நிற்காமல் பணம் கொடுத்து வாங்கக் கூடாது. தபாலில் வரும் பென் டிரைவை யாரும் அலுவலகக் கணினியில் செருகக் கூடாது. ‘கார் பரிசு விழுந்திருக்கிறது’ என்ற சுரண்டல் அட்டையும் ஸ்கேன் செய்யச் சொல்லும் கியூஆர் துண்டும் குப்பைக்குத்தான். வெளியே போகும் தபாலுக்கும் அவுட்வர்டு ரெஜிஸ்டர் வேண்டும். யார் கொடுத்தார் என்ற பெயர் இல்லாமல் நிறுவனக் கவரில் எதுவும் போகக் கூடாது.

பயிற்சியும் ஒத்திகையும்

பயிற்சி ஒரு மணி நேரம் போதும், ஆனால் தமிழில், அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் பொருள் இறக்கும் இடமென்றால் படம் போட்ட சுவரொட்டி வையுங்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. காவல் நிலையத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டு, கேள்விக்குரிய ஒரு பொதியைச் சொல்லாமல் தபாலில் சேர்த்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் நிறுத்தினார், யாரை அழைத்தார், கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஒத்திகைக்கு நல்ல நேரம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். அதற்குப் பிறகு தீபாவளிப் பார்சல், டிசம்பரில் டைரி, காலண்டர் என்று மேசை நிரம்பிவிடும்.

செக்யூரிட்டி ஏஜென்சிகள் ஆட்களை அடிக்கடி மாற்றுவார்கள். நீங்கள் பயிற்சி கொடுத்தவர் அடுத்த மாதம் வேறு கம்பெனி கேட்டில் நிற்பார். ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: தபால் மேசைக்கு வரும் புதிய ஆள், பொறுப்பாளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு ரெஜிஸ்டரில் கையெழுத்திட்ட பிறகுதான் முதல் கவரை வாங்க வேண்டும்.